அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது

1

ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். "அதுசரி அண்ணாச்சி, அங்கன பொழுது எப்படிப் போவுது?"

"அது பாட்டுக்குப் போவுது" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். சுத்தப் பொய். கனடாவின் கிழக்குக் கரையில் ஹாலிஃபாக்ஸ் என்ற இந்த ஊரில், மகள் வீட்டு ஜன்னலுக்கு முன்னால் பொழுது நகரவே நகராது. காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதற்குப் பிறகு வீட்டில் நானும் பாத்திரம் கழுவுகிற மிஷினும்தான். அதுவும் ஒரு மணி நேரத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு அமைதியாகிவிடும்.

இந்த மார்ச்சோடு நான் இங்கே வந்திறங்கி ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு எழுபத்தொரு வயசு. அந்தக் கேள்விக்கு உருப்படியாக ஒரு பதில் இப்போதுதான் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த ஒரு கோளாறையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு வீடுகள் கலங்கிப் போயின. ஒன்று புன்னைக்காயலில் இருக்கிறது. இன்னொன்று என் மகள் வீடு.

2

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்துநாலு வருஷம் போர்டிங் கிளார்க்காக இருந்தேன். கப்பல் வந்து கரையில் கட்டியதும் காகிதக் கட்டோடு ஏணியில் ஏறுகிற முதல் ஆட்களில் ஒருவன். கேப்டனிடம் கையெழுத்து வாங்குவது, மாலுமிகளின் பாஸ்போர்ட்டைச் சரிபார்ப்பது, யாருக்காவது காய்ச்சல் என்றால் டாக்டரை வரச் சொல்வது, எல்லாம் என் தலையில். நான் நாசரேத், சாத்தான்குளம் பக்கம் வாத்தியார் வீட்டில் பிறந்தவன். சொந்தத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு வாத்தியார் மேலேயோ டீச்சர் மேலேயோதான் விழ வேண்டும். கடலை எட்டிப் பார்த்த ஆள் ஒருவர்கூட கிடையாது. நான் கப்பல் ஏறுவது அப்பாவுக்குச் சாகும்வரை பிடிக்கவில்லை. எனக்கு வேறு எந்த வேலையும் பிடிக்கவில்லை.

அந்த வேலையில் இரண்டு பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. வெறுங்கையோடு கப்பல் ஏற மாட்டேன். ஒரு கட்டு கறிவேப்பிலை, அன்றைய பேப்பர், ஒரு பொட்டலம் மக்ரூன், ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, கப்பலில் நம்ம ஊர்ப் பிள்ளை யாரையாவது பார்த்தால், அல்லது பார்த்தவர்களைப் பார்த்தால்கூட, அவன் வீட்டுக்குத் தாக்கல், அதாவது சேதி, சொல்லிவிடுவேன். அது செல்போன் இல்லாத காலம். கப்பலுக்குப் போனவன் ஏழெட்டு மாசத்துக்கு இருக்கிறானா இல்லையா என்றே வீட்டில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் பஸ்ஸைப் பிடித்து மணப்பாடு, ஆலந்தலை, புன்னைக்காயல் என்று போவேன். "ஒங்க மவனைச் சிங்கப்பூர்ல பாத்தாங்களாம், நல்லாருக்கானாம்." இந்த ஒரு வரிக்கு அந்தக் கடற்கரை வீடுகளில் கிடைத்த மரியாதை எந்த மந்திரிக்கும் கிடைத்திருக்காது. ஒரு ஓலைப்பெட்டி மீன் இல்லாமல் திரும்ப விட மாட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார். நான் ராஜா மாதிரி வருவேன்.

கெட்ட தாக்கலும் கொண்டு போயிருக்கிறேன். ஒவ்வொரு மாலுமியின் காகிதத்திலும் ஒரு கட்டம் உண்டு. அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தில் உள்ள விலாசத்தைக் குறித்துக்கொண்டு நான் நாலு தடவை போனேன். அந்த நாலு வாசலும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கின்றன.

3

மனைவி போன மறு வருஷம் மகள் கிரேஸ் என்னை இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடியில் தனியாக இருந்து நான் என்ன கிழிக்கப் போகிறேன் என்று அவளுக்குக் கவலை. இங்கே வந்தும் நான் ஒன்றும் கிழிக்கவில்லை. நாலு வருஷம் ஜன்னலோரம் உட்கார்ந்து, துறைமுகத்துக்குள் வருகிற கப்பல்களைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அது என்ன சரக்கு, எத்தனை பேர் இருப்பார்கள், எந்த ஏணியை இறக்குவார்கள் என்று மனசுக்குள்ளே சொல்லிக்கொள்வேன். கேட்க ஆள் கிடையாது.

துறைமுகத்தை ஒட்டி மாலுமிகள் இல்லம் ஒன்று இருக்கிறது என்று இங்குள்ள கோயிலில் யாரோ சொன்னார்கள். கரையிறங்குகிற மாலுமிகள் வந்து காபி குடித்து, வீட்டோடு பேசிவிட்டுப் போகிற இடம். சம்பளமில்லாத ஆட்கள்தான் நடத்துகிறார்கள். நானும் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். காபி ஊற்றுவதற்குப் போலீஸ் சான்றிதழ், துறைமுகப் பாஸ், இரண்டு பேருடைய சிபாரிசு என்று மூன்று மாசம் ஓடியது. ஃபாரத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். எனக்கு ஏது? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து இங்கே நான் 'மிஸ்டர் தங்கையா'. யாராவது அப்படிக் கூப்பிட்டால், கப்பல் ஏறாதே என்று சொல்ல அப்பாவே எழுந்து வந்துவிட்டாரோ என்று இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன்.

கரையிறங்க முடியாத மாலுமிகள்தான் அதிகம். சரக்கு ஏற்ற அரை நாள், அப்புறம் கப்பல் கிளம்பிவிடும். அவர்களைப் பார்க்க நாங்களே கப்பலுக்குப் போக வேண்டும். சிம் கார்டு, கம்பளித் தொப்பி, பிஸ்கட் எல்லாம் பையில் போட்டுக்கொண்டு முதல்நாள் ஏணியில் கால் வைத்தேன். கம்பியைப் பிடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட வந்தவர் நான் பயப்படுகிறேன் என்று நினைத்து இறங்கச் சொன்னார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு ஏறினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பேத்தி ஜெனி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். கப்பல் நாட்களில் தாத்தாவின் சிடுசிடுப்புக் குறைவாக இருக்கிறது என்று கொஞ்ச நாளில் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். நான் இங்கே வந்த பிறகு அவள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் அபிப்பிராயம் அதுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. போன வருஷம் ஜனவரியில் வீட்டு வாசற்படியில், கப்பல் ஏணியில்கூட இல்லை, வீட்டு வாசலில், ஐஸில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். கிரேஸ் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். உடைந்த இடுப்புகளைத் தினமும் பார்க்கிறவள்.

"இனி கப்பல் கிப்பல்னு பேச்செடுக்கக் கூடாதுப்பா. இல்லத்துல உக்காந்து காபி ஊத்துங்க, போதும்."

"சரிம்மா" என்றேன்.

கட்டுப் பிரித்து ஆறு வாரம் அந்தச் 'சரி' தாங்கியது. ஏழாவது வாரம் ஏணியில் நின்றேன். இல்லத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ஃபாரத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதிலும் ஒரு கட்டம்: அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? கிரேஸ் பெயரை எழுதினால் என்றைக்காவது அவளுக்குப் போன் போய்விடும். பேத்தியிடம் கேட்டேன். "ஓகே தாத்தா. பட் இஃப் யூ டை, அம்மா வில் கில் மீ" என்று சிரித்தாள். அவள் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கட்டத்தின் கனம் என்னவென்று என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஊரிலேயே கிடையாது. தெரிந்துதான் எழுதினேன்.

4

போன நவம்பரில் ஜிப்சம் கல் ஏற்ற ஒரு கப்பல் வந்தது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கும் இங்கேயுமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்வருகிற கப்பல். சாப்பாட்டு அறைச் சுவரில் ஆட்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. பழைய கிளார்க் புத்தி, கண் தானாக அதில் ஓடியது. பர்னாந்து, கிளிண்டன். பிறந்த ஊர் தூத்துக்குடி.

"ஏலே, இங்கன யாருலே தூத்துக்குடி?" என்று நான் போட்ட சத்தத்தில் பிலிப்பைன்ஸ் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

எஞ்சின் அறையிலிருந்து ஆளை வரச் சொன்னார்கள். இருபத்துநாலு வயசு இருக்கும். உடுப்பெல்லாம் எண்ணெய்.

"அங்கிள், நீங்க நம்மூரா?"

"பின்ன? நீ எங்கன?"

"புன்னைக்காயல்."

"யாரு மவன்?"

அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினான். "அப்பா இல்ல அங்கிள். அம்மா மட்டுந்தான்."

நான் பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை எடுத்தேன். ஸ்பூனுக்குக்கூட காத்திருக்காமல் விரலை விட்டு நக்கினான். அவனுக்கு இருபது நிமிஷம்தான் ஓய்வு. மேல்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் வாழ்க்கையிலேயே முதல் பனி. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். கூட இருந்த ஒரு மாலுமி எங்கள் இரண்டு பேரையும் போட்டோ எடுத்தான். என் தலையில் ஹெல்மெட், உடம்பில் ஆரஞ்சுச் சட்டை, தோளில் பையன் கை, பின்னால் கப்பல் கம்பியும் கடலும்.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சேவியருக்கு அனுப்பினேன். சேவியர் என்னோடு ஆபீஸில் வேலை பார்த்தவர், புன்னைக்காயல்காரர். 'உங்க ஊர்ப் பிள்ளையைக் கனடாவில் கப்பலில் பார்த்தேன். நல்லாருக்கான். அவங்க வீட்டில் சொல்லிவிடும்.' அனுப்பிவிட்டு ஒரு கப் டீ போட்டுக் குடித்தேன். மீன்பெட்டி ஒன்றுதான் குறை. முப்பது வருஷம் இளமையானதுபோல் இருந்தது.

அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தாக்கல் சொல்வதற்கு அனுமதி கேட்டு எங்கள் பக்கம் எவனுக்கும் பழக்கமில்லை.

5

மறுநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அண்ணாச்சி, நான் சகாயமேரி பேசுதேன். கிளிண்டனுக்க அம்ம."

"சொல்லும்மா. பிள்ள நல்லா ஜம்முன்னு..."

"அது எந்தக் கடலு அண்ணாச்சி?"

எனக்குப் புரியவில்லை. அவள் குரலில் சத்தமே இல்லை.

"எம் மவன் தோஹாவுல ஏசி மெக்கானிக்கா இருக்கான்னுல்லா நான் நெனச்சிட்டு இருக்கேன். ஒன்றரை வருசமா."

சங்கு குளிக்கிறவர் கிளிண்டனின் அப்பா. முத்துக் குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. சங்குக்கு இப்போதும் முங்குகிறார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் கீழே போனவர் உயிரோடு மேலே வரவில்லை. அடக்கம் முடிந்த அன்றைக்கே சகாயமேரி மகனை மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், இனி கடல் பக்கமே போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியத்தை மீற முடியாமலும் கடலை விட முடியாமலும் அவன் தோஹா என்று ஒரு கதை கட்டியிருக்கிறான். கப்பல் கரைக்கு வரும்போதெல்லாம் சுவருக்கு முன்னால் நின்று அவளோடு வீடியோவில் பேசியிருக்கிறான்.

"இனி எனக்குப் போன் போட வேண்டாம்னு அவன்ட்ட சொல்லிருங்க அண்ணாச்சி" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, கப்பல் அமெரிக்கக் கரையைத் தொட்டதும், அவன் குரல் வந்தது. "யாரு அங்கிள் ஒங்கள சொல்லச் சொன்னா? அம்ம போனையே எடுக்க மாட்டேங்காவ. ஒங்க வேலையப் பாத்துட்டுப் போவேண்டியதுதான? இனி எங்க கப்பலுக்கு வராதீங்க."

முப்பத்துநாலு வருஷம் நல்ல பெயர் வாங்கிக் கொடுத்த பழக்கம் ஒரு தாயையும் மகனையும் பேச்சில்லாமல் ஆக்கிவிட்டது.

கூத்து என்னவென்றால், அதே போட்டோ எனக்கும் வேட்டு வைத்தது. சேவியர் சந்தோஷம் தாங்காமல் அதைக் கிரேஸுக்கும் அனுப்பியிருக்கிறார். 'இந்த வயசுலயும் அண்ணாச்சி கப்பல் ஏறுதாங்க பாரும்மா' என்று கீழே ஒரு வாழ்த்து வேறு. அன்றைக்கு ராச்சாப்பாட்டில் அவள் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது யாருப்பா?"

"நான்தான்."

"காபி எங்கன ஊத்துதீங்க இதுல?"

மருமகன் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் எழுந்து போய்விட்டார். ஜெனி பயந்து போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். ஃபாரம், கட்டம், அவள் நம்பர், எல்லாம். கிரேஸ் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அப்போ நீங்க தண்ணிக்குள்ள விழுந்து கெடந்தா, கிளாஸ்ல உக்காந்திருக்க பதினேழு வயசுப் பிள்ளைக்குப் போன் வந்திருக்கும். இல்லாப்பா?"

நாலு வாசல் பார்த்தவன் நான். என் வீட்டு வாசலில் ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. எழுந்து போய்ப் படுத்துவிட்டேன்.

6

இரண்டு வாரம் கிரேஸ் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். மாத்திரை போட்டாச்சா, தோசை இன்னொன்று வேண்டுமா, அவ்வளவுதான். நான் இல்லத்துக்கே போகவில்லை. சகாயமேரிக்கு மூன்று தடவை போன் பண்ணிப் பார்த்தேன், எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தபோது சகாயமேரியே கூப்பிட்டிருக்கிறாள். கிரேஸ் எடுத்திருக்கிறாள். நான் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது, அவள் சமையலறையில் என் போனை மேசைமேல் வைத்து, கன்னத்தில் கை கொடுத்து உட்கார்ந்திருந்தாள். போனிலிருந்து சகாயமேரி குரல்.

"ஒங்க அப்பா ஒங்ககிட்ட மறைச்சாவ, எம் மவன் எங்கிட்ட மறைச்சான். நமக்குன்னு வாச்சதப் பாருங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்லக்கா, நர்ஸு."

"நாசரேத்துப் பக்கம்னா எனக்கு எல்லாரும் டீச்சர்தான்."

கிரேஸ் சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"போகக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாக்கா?"

"சத்தியமே வாங்குனேன். என்னத்துக்கு ஆச்சு? போகாதன்னேன், சொல்லாமப் போனான். எம் மவன் பனியில நிக்கான், நான் அவன் வெயில்ல கருகுதான்னு மோர் குடிக்கச் சொல்லிட்டு இருந்தேன். பைத்தியக்காரியாட்டம்." பிறகு சொன்னாள்: "அவுக அப்பா சங்குக்குப் போவும்போது எங்க அண்ணந்தான் மேல இருந்து கயிறு பிடிக்கும். எங்க பக்கம் மச்சான்மாரத்தான் நம்பிக் கயித்தக் குடுப்பாவ. கயிறு பிடிக்கிறவுக யார்கிட்டயும் பேச மாட்டாவ, டீச்சர். பீடி குடிக்க மாட்டாவ. இழுத்தும் வைக்க மாட்டாவ. கீழ உள்ளவரு போகப் போக விட்டுக்கிட்டே இருப்பாவ. ஆனா கை எடுக்க மாட்டாவ. அன்னைக்கு அவரு போனது எங்க அண்ணன் கைக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அதாவது தெரிஞ்சுது. இவன் விசயத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலைல்லா."

கிரேஸ் வெகுநேரம் அவளோடு பேசினாள். அழுதாள் என்று நினைக்கிறேன். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கடைசியில் போனை வைத்துவிட்டு, கதவைப் பார்க்காமலே கேட்டாள்.

"கப்பல் எப்பப்பா திரும்ப வருது?"

"வியாழக்கிழமை."

"அந்தப் பையன் ஒங்க போன எடுப்பானா?"

"எடுக்க மாட்டான்."

"அப்போ ஏறித்தான் ஆகணும், என்ன? நான் லீவு போடுதேன்."

திங்கட்கிழமை என்னோடு இல்லத்துக்கு வந்து, ஃபாரத்தை வாங்கி, ஜெனியின் நம்பரை அடித்துவிட்டுத் தன் கையாலேயே தன் பெயரை எழுதினாள். பேனாவை அவ்வளவு அழுத்தியிருக்க வேண்டாம்.

7

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துறைமுக வேலிக்கு வெளியே கிரேஸ் காரை நிறுத்தினாள். அவளுக்குப் பாஸ் கிடையாது. வேலியிலிருந்து பார்த்தால் கப்பல் ஏணி முழுசாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றாள்.

"போனைச் சட்டைப் பைல போடுங்க. கட் பண்ணாதீங்க. ஒவ்வொரு படியா எண்ணிட்டு ஏறுங்க, எனக்குக் கேக்கணும்."

"ஏட்டி, நான் என்ன ஒண்ணாப்புப் பிள்ளையா?"

"எண்ணலைன்னா காரைத் திருப்பிருவேன்."

எண்ணினேன். ஐஸ் உருக, படி முழுக்க உப்பை வாரி இறைத்திருந்தார்கள். உப்பளத்து ஊரில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். உப்பின் மேல் கால் வைக்கக் கூசியது. முப்பத்தெட்டுப் படி. மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். வேலிக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி ஒன்று அசையாமல் நின்றது.

கிளிண்டன் சாப்பாட்டு அறையில் இருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வராதீங்கன்னு சொன்னேம்லா."

"சொன்ன. ஒங்கிட்ட கேக்காமச் சொன்னது என் தப்புதான். அதுக்கு எவ்வளவு திட்டணுமோ திட்டு. அதுக்கு முன்னால இந்தப் போனப் பிடி."

கிரேஸ் அதற்குள் புன்னைக்காயலையும் அதே லைனில் சேர்த்திருந்தாள். அங்கே இருட்டிவிட்ட நேரம். அவன் போனைக் காதில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தான். சகாயமேரி குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"ஏலே."

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.

"என்ன வேல பாக்க அங்கன?"

"எஞ்சின் ரூம்லம்மா. கீழ."

"தண்ணிக்குள்ளயா?"

"கப்பலுக்குள்ளம்மா. தண்ணி வெளியதான் இருக்கு."

"வெளியதான் இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அதப் பாக்குறதும் என் வேலதாம்மா. ஒவ்வொரு வாட்சுலயும், நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா, அடித்தளத்துல தண்ணி ஏறுதான்னு அளந்து எழுதணும்."

இவன் கண்ணைத் துடைக்க எண்ணெய்க் கையைக் கொண்டுபோனான். நான் என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

"ஒனக்கு ஒண்ணு ஆனா எனக்கு யாருலே சொல்லுவா?"

அவன் தலை குனிந்துவிட்டது. கப்பல் காகிதத்தில் அந்தக் கட்டத்தில் தோஹாவில் இருக்கிற நண்பனுடைய நம்பரைத்தான் எழுதியிருந்தானாம். அதைச் சொன்னபோது அவன் என்னைப் பார்த்தான். பெரியவர் ஏதாவது புத்தி சொல்வார் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவனைப் பார்க்க முகமில்லை.

"நானும் அப்படித்தான் எழுதி வச்சிருந்தேன்லே" என்றேன். "திங்கக்கெழமதான் எம் மவ மாத்தினா."

"இன்னைக்கே மாத்துதேம்மா" என்றான் போனில்.

"மாத்திட்டு அந்தப் பேப்பரப் போட்டோ எடுத்து அனுப்பு. ஒன் வாய்ச்சொல்ல இனி நான் நம்ப மாட்டேன்." பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "அந்த மூஞ்சியக் காட்டு. கருத்துருக்கியா, வெளுத்துருக்கியான்னு பாப்போம்."

நான் போனை அவனிடமே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். உள்ளே அவள் திட்ட ஆரம்பித்தது கேட்டது. நல்ல கடற்கரைத் திட்டு. கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

8

சகாயமேரி இன்னும் மகனை முழுசாக மன்னிக்கவில்லை. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று அவன் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். அதை அவள் கிரேஸிடம் விசாரித்துச் சரிபார்க்கிறாள். என்னோடு பேசுவதைவிடக் கிரேஸோடுதான் இப்போது அதிகம் பேசுகிறாள். நான் இப்போது எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும், வீட்டுக்குத் தாக்கல் சொல்லவா என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று இதுவரை இரண்டு பேர் சொன்னார்கள். ஏன் என்று கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

செவ்வாயும் வியாழனும் கப்பல் ஏறுகிறேன். கிரேஸுக்கு வார்டில் வேலை இருந்தால், மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று ஜெனி லைனில் இருக்கிறாள். அவளுக்காக நான் தமிழில்தான் எண்ணுகிறேன். முப்பதுவரை அவளும் கூடவே எண்ணுகிறாள். ஊரில் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பொழுது போதவில்லை.

அந்த வியாழக்கிழமை நான் இறங்கியதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். முழங்கால் பேச்சைக் கேட்காது, கீழே கறுப்புத் தண்ணீர் தெரியும். கிளிண்டன் போனைத் திருப்பிக் கொடுத்து, ஏணித் தலைப்பு வரைக்கும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்து விட்டான். போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பத்தாவது படியில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேச்சு முடிந்து எல்லோரும் வைத்துவிட்டார்களோ? காற்று வேறு பலமாக அடித்தது. வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"கிரேஸு, இருக்கியாம்மா?"

"இருக்கேன்ப்பா. கம்பிய விடாதீங்க. பேசாம எண்ணிட்டு வாங்க."

பதினொன்று என்றேன்.